அந்தப் பெண் புத்தகத்தில் இல்லை: ‘முப்பத்தொன்பது படிகள்’ நாவலைப் படிக்கத் தொடங்குபவருக்கு

ஓர் ஆணும் பெண்ணும் ஒரே கைவிலங்கில் மாட்டிக்கொண்டு இருட்டில் மேட்டுநிலத்தில் தடுமாறி ஓடுவார்கள். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1935இல் எடுத்த படத்தைப் பார்த்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். அந்த நினைப்போடு ஜான் பக்கனின் நாவலைத் திறந்தால் பத்து அத்தியாயம் முடிந்த பிறகும் கைவிலங்கு வராது, அந்தப் பெண்ணும் வரமாட்டாள். கேட்ட கேள்விக்கெல்லாம் மேடையில் பதில் சொல்லும் மிஸ்டர் மெமரி இல்லை. சுண்டுவிரல் நுனி இல்லாத பேராசிரியர் இல்லை. ஃபோர்த் பாலத்தில் நிற்கும் ரயிலும் இல்லை. வேறு ஏதோ புத்தகத்தை எடுத்துவிட்டோமா என்ற சந்தேகம் வருவது நியாயம்தான். புத்தகம் சரியானதுதான். படம்தான் அதிலிருந்து வெகுதூரம் போய்விட்டது.

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் இருப்பவருக்குப் படம் முதலில், புத்தகம் பிறகு என்ற வரிசைதான் பெரும்பாலும் அமையும். படம் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. புத்தகத்தை நாமாகத் தேடிப் போக வேண்டும். இந்த வரிசையில் குறை எதுவும் இல்லை. ஆனால் படம் தலைக்குள் ஒரு வரைபடத்தைப் போட்டுவிடும். அதை வைத்துக்கொண்டு நாவலுக்குள் நடந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் வழி தப்பும். எதை மறக்கலாம், எதைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை. நடுக்கதையில் சிலவற்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கடைசி அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் தொடவில்லை.

ஒரு நாவல், நான்கு படங்கள்

பக்கன் ஸ்காட்லாந்துக்காரர், 1875இல் பிறந்தவர். 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது வயிற்றுப் புண்ணால் படுக்கையில் கிடந்தார். இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் பிராட்ஸ்டேர்ஸ் என்ற ஊரில் ஓய்வெடுத்த நாள்களில் இந்தக் கதையை எழுதினார். 1915இல் பிளாக்வுட்ஸ் பத்திரிகையில் தொடராக வந்து, அதே ஆண்டு அக்டோபரில் புத்தகமானது. கதை நடப்பதோ 1914 மே, ஜூன் மாதங்களில். அதாவது போர் வந்துவிட்டது என்று தெரிந்த வாசகர், போர் வருவதற்கு முந்தைய வாரங்களைப் படிக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் ஒரு பதற்றம் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஹிட்ச்காக் அந்தக் காலத்தை வைத்துக்கொள்ளவில்லை. கதையைத் தன்னுடைய 1930களுக்கு நகர்த்தி, சத்தமில்லாத விமான எஞ்சின் ஒன்றின் ரகசியத்தை நடுவில் வைத்தார். 1959இல் கென்னத் மோர் நடித்த வண்ணப் படம் நாவலைவிட ஹிட்ச்காக்கையே ஒட்டிப் போகிறது. 1978இல் ராபர்ட் பவல் நடித்தது மறுபடி 1914க்குத் திரும்பியது. ஆனால் முடிவில் நாயகனை லண்டன் பிக் பென் கடிகார முள்ளில் தொங்கவிட்டுவிட்டது. 2008இல் பிபிசி எடுத்த தொலைக்காட்சிப் படத்தில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடும் ஒரு பெண் கூட வருகிறாள்.

நான்கிலும் ஒரு பெண் இருக்கிறாள். நாவலில்தான் இல்லை. அதனால் ‘அவள் எப்போது வருவாள்’ என்று காத்திருப்பதை முதல் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள். இதில் ஏமாந்துதான் நிறையப் பேர் மூன்றாம் அத்தியாயத்தில் புத்தகத்தை மூடுகிறார்கள்.

அவன் ஏன் ஓடுகிறான்?

படத்துக்கும் நாவலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பெண் இல்லாததெல்லாம் இதற்கு அடுத்தபடி.

ஹிட்ச்காக் படத்தில் நாயகன் ஹானேயின் வீட்டில் கொலையாகும் பெண்ணின் கையில் ஸ்காட்லாந்து வரைபடம் இருக்கிறது. அதில் ஓர் ஊரைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறது. ஹானே அந்த ஊரைத் தேடிப் போகிறான். போகும் இடம் தெரிந்த ஓட்டம் அது.

நாவலில் போகும் இடமே கிடையாது. ரிச்சர்ட் ஹானேக்கு வயது 37. தென்னாப்பிரிக்கப் பக்கம், புலவாயோவில், சுரங்க எஞ்சினியராக இருந்து ஓரளவு பணம் சேர்த்தவன். லண்டனுக்கு வந்து மூன்று மாதத்தில் அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். மேல்மாடியில் குடியிருக்கும் ஸ்கட்டர் என்ற அமெரிக்கன் அடைக்கலம் கேட்டு வருகிறான். ஜூன் 15ஆம் தேதி லண்டனுக்கு வரும் கிரேக்கப் பிரதமர் கரோலிடஸைக் கொல்லத் திட்டம் இருக்கிறது, அது ஐரோப்பாவையே போரில் தள்ளிவிடும் என்கிறான். சில நாளில் ஸ்கட்டர் நெஞ்சில் கத்தி பாய்ந்து தரையோடு தைத்துக் கிடக்கிறான். அன்று மே 24. ஒரு பக்கம் கொலையாளிகள், இன்னொரு பக்கம் கொலைப்பழியோடு போலீஸ். ஜூன் 15க்குச் சற்று முன்புவரை, ஏறக்குறைய 20 நாள், ஹானே யார் கண்ணிலும் படாமல் இருந்தாக வேண்டும். பால்காரன் வேஷத்தில் வீட்டைவிட்டு வெளியேறி, ஆள் நடமாட்டம் குறைந்த இடம் என்பதால் ஸ்காட்லாந்தின் தென்மேற்கிலுள்ள காலோவேக்கு ரயிலேறுகிறான்.

ஆக நாவல் ஒரு தேடல் கதை இல்லை. நாளைக் கடத்தும் கதை. ஒரு மூலையில் அந்தத் தேதியை எழுதி வைத்துக்கொண்டு படித்தால் நடு அத்தியாயங்களின் வேகம் பிடிபடும். 3 முதல் 6 வரையான அத்தியாயங்களுக்கு ஆங்கிலத்தில் ‘இன்னாரைச் சந்தித்த சாகசம்’ என்ற ஒரே பாணியில்தான் தலைப்பு: எழுத்தாசையுள்ள விடுதிக்காரன், தேர்தல் வேட்பாளர், கண்ணாடி போட்ட ரோட்டு வேலைக்காரன், வழுக்கைத்தலைத் தொல்பொருள் ஆய்வாளர். ஒவ்வொன்றும் தனிக் கதை மாதிரி இருக்கும். ‘கதை நகரவே இல்லையே’ என்று எரிச்சல்படுபவர்கள் படத்தின் வேகத்தை இங்கே எதிர்பார்ப்பவர்கள்.

இன்னொரு எரிச்சலும் வரும். ஓடுகிறவன் ஓடி ஓடி, எல்லா இடத்தையும் விட்டுவிட்டு எதிரியின் வீட்டுக்குள்ளேயே போய் நுழைகிறான். இவ்வளவு தற்செயலா? பக்கன் இதை ஒளிக்கவில்லை. நூலைத் தாமஸ் நெல்சன் என்ற நண்பருக்கு அர்ப்பணித்த குறிப்பிலேயே, நம்பக்கூடியதை மீறும் ஆனால் நடக்கவே முடியாதது என்ற எல்லையைத் தாண்டாத சம்பவங்களைக் கொண்ட கதை வகை இது என்று சொல்லிவிடுகிறார். அந்த ஒரு பக்கத்தைத் தாண்டிப் போகாமல் படியுங்கள். விளையாட்டின் விதி அதில்தான் இருக்கிறது.

ஒளிய இடமில்லாத வெளி

‘மூர்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். அகராதி ‘தரிசு மேட்டுநிலம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அது போதாது. நமக்குத் தெரிந்த நிலத்தோடு வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

செம்பனைத் தோட்டத்தில் ஒருவன் நாலு நெரை தாண்டினால் ஆள் தெரியாது. மேலே மட்டைகள் கூரை மாதிரி மூடியிருக்கும். ஆனால் ஒளிந்திருப்பவனுக்கும் எதிரில் யார் வருகிறார் என்று தெரியாது. மூர் இதற்கு நேர் எதிர். மரம் கிடையாது. முழங்கால் உயரத்துக்கு ஹெதர் என்னும் புதர்ச்செடியும் புல்லும் சதுப்பும்தான். மேட்டில் நின்றால் மைல்கணக்கில் தெரியும், அதே மேட்டில் நீங்களும் மைல்கணக்கில் தெரிவீர்கள். துரத்துபவர்கள் விமானத்தில் வந்து தலைக்கு மேலே வட்டமிடும் காட்சிகள் நாவலில் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். 1914இல் விமானம் என்பதே புதுசு. வானத்திலிருந்து ஒருவன் தேடினால் மூரில் ஒளிய ஒரு நிழல்கூடக் கிடையாது. நம் பக்கம் மலாயா அவசரகாலத்தில், 1948க்குப் பிறகு, விமானங்கள் காட்டுக்குள் துண்டுப்பிரசுரம் போட்டன. மேலேயிருந்து ஆளைப் பார்க்க முடியாத நிலம் அது. நிலம் மாறினால் துரத்தலும் மாறிவிடும். பக்கனுக்கு நிலம் பின்னணி இல்லை, கதையின் இயந்திரமே அதுதான்.

அதனால் காலோவேயின் ஒரு சாதாரண வரைபடத்தைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. நாவலில் வரும் சிற்றூர்களில் சில கற்பனை, தேடினால் கிடைக்காது. ஊரைத் தேடாதீர்கள், மலைமேட்டின் வளைவுகளைப் பாருங்கள்.

பூட்ஸ் கயிறு

ஒரே ஓர் அத்தியாயத்தை மெதுவாகப் படிக்க நேரம் இருக்கிறதென்றால் 5ஆம் அத்தியாயத்தைப் படியுங்கள். படங்கள் இதைத் தொடாததற்கும் காரணம் உண்டு, அதை அப்புறம் பார்ப்போம்.

வெட்டவெளியில் மாட்டிக்கொண்ட ஹானே சாலையோரத்தில் கல் உடைக்கும் ஒருவனைப் பார்க்கிறான். பெயர் டர்ன்புல். நம் ஊரில் ஜே.கே.ஆர் (பொதுப்பணித் துறை) ரோட்டு வேலைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல்நாள் மகள் கல்யாணம், விடியற்காலை வரை ஆட்டமும் குடியும், இன்றைக்குத் தலை தூக்க முடியவில்லை. இன்று பார்த்துச் சாலைகளைப் பார்வையிட மேலதிகாரி வேறு வருகிறார். அந்த அதிகாரிக்கு டர்ன்புல்லின் முகம் தெரியாது. ‘நீ போய்ப் படு, உன் இடத்தில் நான் நிற்கிறேன்’ என்கிறான் ஹானே.

இனி வருவதை வரிவரியாகப் பாருங்கள். முகத்திலும் கழுத்திலும் சாலைப் புழுதி. கண்ணில் தூசியைப் போட்டுத் தேய்த்துக் கலங்கவைக்கிறான். நகங்களின் ஓரத்தைக் கடித்தும் தேய்த்தும் கரடாக்குகிறான். ஒரு பூட்ஸின் கயிற்றை அறுத்து முரட்டு முடிச்சாகப் போடுகிறான், இன்னொன்றைத் தளர்த்திக் காலுறை வெளியே பிதுங்கும்படி விடுகிறான். எதிரிகள் காரில் வந்து இறங்குகிறார்கள். அவர்களில் ஒருவன் பேசிக்கொண்டே பூட்ஸைக் கவனித்துவிடுகிறான்: இது கிராமத்துச் சக்கிலியர் தைத்ததில்லையே. ‘இல்லீங்க, லண்டன்ல தைச்சது, போன வருஷம் வேட்டைக்கு வந்த துரை குடுத்தாருங்க’ என்கிற தொனியில் ஹானே பதில் சொல்லிச் சமாளிக்கிறான். தோட்டத்தில் துரையின் பழைய சட்டையும் சப்பாத்தும் யார் காலுக்கு வந்து சேர்ந்தன என்று தெரிந்த வாசகருக்கு இந்தப் பொய் எவ்வளவு கெட்டியானது என்று விளக்கவே வேண்டாம்.

இங்கே பக்கன் ஒரு கொள்கையை வைக்கிறார். ஹானேக்கு ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) பழக்கமான ஒரு பழைய வேவுக்காரன், பீட்டர் பீனார் என்ற பெயர் கடைசி அத்தியாயத்தில்தான் வரும், சொன்னதாக வரும்: வேஷத்தின் ரகசியம் ஒப்பனையில் இல்லை, அந்த ஆளாகவே உன்னை நினைத்துக்கொள்வதில் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் அவன் சொன்னதாக இன்னொன்றும் வரும்: முட்டாள் வேறு மாதிரித் தோன்றப் பார்ப்பான், கெட்டிக்காரன் அதே தோற்றத்தில் வேறு ஆளாக இருப்பான். கடைசி அத்தியாயம் முழுக்க இந்த ஓர் எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

படங்கள் இதை ஏன் விட்டன? நட்சத்திர நடிகருக்கு எவ்வளவு புழுதி பூசினாலும் பார்வையாளருக்கு அது 1935 படத்தில் ஹானேயாக நடித்த ராபர்ட் டொனாட்தான். திரையில் முகம் முகமாகவே இருக்கும். எழுத்தில் முகம் கிடையாது, எழுத்தாளர் சொன்னால்தான் உண்டு. 8ஆம் அத்தியாயத்தில் பெரிய அதிகாரிகள் கூடியிருக்கும் அறைக்குள், அவர்கள் தினமும் பார்க்கும் ஒரு பெரிய மனிதரின் வேஷத்தில் எதிரி ஒருவன் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போகிறான். அந்த அறையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வருவார் என்று எதிர்பார்த்த ஆளை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. காமிராவுக்கு முன்னால் இதை நம்பவைப்பது கஷ்டம். எனவேதான் ஹிட்ச்காக் விரல் நுனி இல்லாத கை என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தார்: ஒரே நொடியில் கண்ணுக்குத் தெரிவது, பேச்சே தேவையில்லாதது. நாவலில் அதற்கு ஈடான அடையாளம் கண்ணிமை. பருந்து மாதிரி இமையை மூடித் திறக்கும் கிழவன் ஒருவனைப் பற்றி ஸ்கட்டர் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறான். அந்த வரியில் பென்சிலால் கோடு போட்டுவையுங்கள்.

படி எத்தனை, பாசாங் எத்தனை மணிக்கு

தலைப்புக்குப் படங்கள் வேறு வேறு அர்த்தம் கொடுக்கின்றன. 1935இல் அது ஓர் உளவு அமைப்பின் பெயர். 1978இல் கடிகாரக் கோபுரத்துப் படிக்கட்டு. நாவலில் அது கடலோரத்துப் படிகள், உண்மையாகவே ஒவ்வொன்றாக எண்ணப்பட்டவை. ஸ்கட்டரின் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான்: முப்பத்தொன்பது படிகள், எண்ணிப் பார்த்தேன், உச்சக் கடல்மட்டம் இரவு 10.17.

இந்தப் புதிரை ஆற்றுமுகத்தில் வாழ்பவர்கள் ரசிப்பதுபோல் மற்றவர்கள் ரசிக்க முடியாது. பெர்ணம் ஆற்றில் நீர் ஏறுவதும் வற்றுவதும் தெரிந்தவர்களுக்குப் பாசாங், சூருட் என்ற மலாய்ச் சொற்கள் வீட்டுச் சொற்கள். கரையோரத் தோட்டங்களில் பண்டு என்ற மண்கரை போட்டு மதகு வைத்திருப்பதே கடல்நீர் உள்ளே ஏறாமல் இருக்கத்தான். அந்த அனுபவத்தை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். ஓர் உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒரே இடத்தில் ஒவ்வொரு நாளும் உச்சம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே ‘இரவு 10.17’ என்பது வெறும் நேரம் இல்லை. தேதி தெரிந்தால் அது இடத்தைக் காட்டும் விரல்.

9ஆம் அத்தியாயத்தில் ஹானே ஒரு தாளில் இரண்டு தலைப்புப் போட்டுக்கொள்கிறான்: ஓரளவு நிச்சயமானவை, ஊகித்தவை. நீங்களும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தாள் எடுங்கள். படியின் எண்ணிக்கையைக் குறிப்பிட வேண்டி வந்தது ஏன்? அங்கே பல படிக்கட்டுகள் இருக்கின்றன, எண்ணினால்தான் எது என்று தெரியும். உச்ச நீர் ஏன் முக்கியம்? அப்போதுதான் படகு கரையை ஒட்டி வர முடியும். அப்படியானால் அது துறைமுகமாக இருக்காது, துறைமுகத்தில் ஆழம் எப்போதும் இருக்குமே. அந்த நேரத்துக்குக் கிளம்பும் வழக்கமான இரவுக் கப்பலும் இல்லை. எனவே திறந்த கடற்கரை, சின்னப் படகு, அல்லது உல்லாசப் படகு. எதிரி ஜெர்மனி என்பதால் கிழக்குக் கரை, குரோமருக்கும் டோவருக்கும் இடையில் எங்கோ.

இவ்வளவு தூரம் நீங்களே வந்துவிட்டால் மீதியைப் படிப்பது தனிச் சுகம். கடலோரக் காவலில் இருந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். பிராட்கேட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ரஃப் என்ற இடம், அங்கே வீடுகளுக்குச் சொந்தப் படிக்கட்டுகள் உண்டு என்கிறார். அட்டவணையைப் பார்த்தால் பிராட்கேட்டில் ஜூன் 15 உச்சம் 10.27. பத்து நிமிடம் இடிக்கிறது. ‘ரஃபில் பிராட்கேட்டைவிடப் பத்து நிமிடம் முந்தி’ என்கிறார் காவல்காரர், மீன் பிடிக்கப் போன பழக்கத்தில். துறைமுகத்துக்கு ஒரு நேரம், நாலு மைல் தள்ளி ஆற்றுமுகத்துக்கு வேறு நேரம் என்பது அட்டவணையை நம்பிப் படகு இறக்கிய எவருக்கும் தெரியும். பிறகு ஒருவர் போய் அங்கிருக்கும் படிக்கட்டுகளை எண்ணி வருகிறார்: 34, 35, 39, 42, 47, குன்று தாழும் இடத்தில் 21.

இந்த நாவலில் துப்பறிதல் என்று சொல்லத் தகுந்தது இதுவும் ஸ்கட்டரின் சங்கேதமும்தான். சங்கேதத்தைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். திறவுச்சொல் ஒரு பெண்ணின் பெயர், ஜூலியா. ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளை, ஏ, இ, ஐ, ஓ, யு என்ற வரிசையில், அந்தப் பெயரின் ஐந்து எழுத்துகளுக்கு மேலே எழுதுங்கள். ஏ என்பதற்குக் கீழே ஜே வரும். ஜே நெடுங்கணக்கில் 10ஆவது எழுத்து, எனவே ஏ என்ற எழுத்துக்கு 10 என்ற ரோமன் எண். இ என்பதற்குக் கீழே யு, அது 21. மற்ற மூன்றும் அதே கணக்கில் 12, 9, 1. மெய்யெழுத்துகளுக்கு அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர். படத்தில் இதெல்லாம் கிடையாது. அங்கே ரகசியம் குறிப்பேட்டில் இல்லாமல் மிஸ்டர் மெமரியின் மூளையில் இருக்கிறது. எண் கூட்டிக் கழிப்பதைத் திரையில் காட்ட முடியாது, கேள்வி கேட்டால் பதில் சொல்லும் மனிதனைக் காட்ட முடியும். மாற்றம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

எந்தப் பதிப்பு, எவ்வளவு நாள்

பக்கன் 1940இல் இறந்தார். பதிப்புரிமை முடிந்துவிட்டதால் முழு ஆங்கில நூலும் குட்டன்பர்க் திட்டத் தளத்தில் இலவசம். கடையில் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: மாணவர்களுக்காகச் சுருக்கிய பதிப்புகள் நிறைய உண்டு. அட்டையில் பக்கன் பெயர்தான் இருக்கும், உள்ளே நடு அத்தியாயங்கள் வற்றிப்போயிருக்கும். முழுப் பதிப்பில் 10 அத்தியாயங்களும் நெல்சனுக்கான அர்ப்பணிப்பும் இருக்கும். அந்த இரண்டையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நாவல் ஏறக்குறைய 40,000 சொற்கள். மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம் அளவு ஆங்கிலம் இருந்தால் ஓர் அத்தியாயத்துக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள், பத்து நாளில் முடிந்துவிடும். தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைப் புரட்டினால் இரண்டாம் நாளே சலித்துவிடும். ஓர் அத்தியாயத்துக்கு ஐந்து சொல் மட்டும் பாருங்கள், மற்றவை ஓட்டத்தில் தெளியும். ஸ்காட்லாந்து வட்டாரப் பேச்சு வரும் இடங்களைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். டர்ன்புல் தன் மகளைச் சொல்லும்போது எழுத்துக்கூட்டல் கிட்டத்தட்ட ‘டாக்டர்’ மாதிரி இருக்கும். அவசரத்தில் படிப்பவர் யாரோ வைத்தியருக்குக் கல்யாணம் என்று நினைத்துவிடுவார்.

ஒரு தாளில் ஆறு பெயரை எழுதிவைத்தால் போதும்: ஹானே, ஸ்கட்டர், கரோலிடஸ், வேட்பாளர் சர் ஹாரி, டர்ன்புல், 7ஆம் அத்தியாயத்தில் மீன் பிடித்துக்கொண்டு வரும் சர் வால்டர் புலிவன்ட். கரோலிடஸ் நேரில் வரவே மாட்டார், அவருக்காகக் காத்திருக்க வேண்டாம். ‘கருங்கல்’ (பிளாக் ஸ்டோன்) என்பது ஆள் இல்லை, எதிரிக் கூட்டத்தின் பெயர். இன்னொன்று, முதல் அத்தியாயத்தில் ஸ்கட்டர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் ஹானேயிடம் சொன்னதும் குறிப்பேட்டில் எழுதிவைத்ததும் ஒன்றல்ல. இதைக் கவனிக்காதவர்களுக்கு 4ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு கதை குழம்பும்.

காதில் இடிக்கும் வரிகள்

ஸ்கட்டரின் வாயில் யூதர்களைப் பற்றிக் கேவலமான பேச்சு வரும். புலிவன்ட் பின்னால், அவனுக்கு இப்படிச் சில கோணல்கள் உண்டு, யூதர் என்றாலே அவனுக்கு ஆகாது என்று சொல்லி அதைத் தள்ளிவைக்கிறார். ஆனால் ஆசிரியர் அதைக் கதைக்குத் தீனியாகப் பயன்படுத்திக்கொண்டார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அதே முதல் அத்தியாயத்தில், தனக்கு அடைக்கலம் கொடுத்த ஹானேயைப் பாராட்ட ஸ்கட்டர் ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறான்: நீ ஒரு வெள்ளைக்காரன். 1915 வாசகருக்கு அதன் பொருள் ‘நீ நல்ல மனுஷன்’, அவ்வளவுதான். யாரும் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். தாத்தா பாட்டி பெரட்டுக்களத்தில், தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், விடியற்காலையில் வரிசையில் நின்ற ஊரில் அந்த வரி அப்படிக் கடந்துபோகாது. கடந்துபோக வேண்டிய அவசியமும் இல்லை. ஹானே சுரங்கத்தில் சேர்த்த பணம் எந்த மண்ணிலிருந்து, யார் உழைப்பில் வந்தது என்று நாவல் ஒரு வார்த்தை சொல்வதில்லை. படங்கள் இந்தச் சிக்கலை இன்னும் சுலபமாகத் தீர்த்துவிட்டன: 1935இல் ஹானே கனடாக்காரன்.

திரும்பப் படத்துக்கு

நாவலைப் படித்துக்கொண்டிருக்கும்போது படத்தை மறுபடி போடாதீர்கள். டொனாட்டின் முகம் வந்து ஹானேயின் குரலை மறைத்துவிடும். கதை ஹானேயே சொல்வது, தன்மையில் சொல்வது. அவன் பிழைத்துக்கொள்வான் என்று முதல் வரியிலேயே தெரியும். எப்படி என்பதுதான் கேள்வி, அதற்கு அந்தக் குரல் காதில் கேட்டாக வேண்டும்.

முடித்த பிறகு ஹிட்ச்காக் படத்தைப் போடுங்கள், 86 நிமிடம்தான். கூட்டாகப் படித்தவர்கள் என்றால் ஒரு காட்சியை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். போலீஸிடமிருந்து தப்பிய ஹானே ஒரு தேர்தல் கூட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறான், அவனையே பேச்சாளர் என்று நினைத்து மேடையேற்றிவிடுகிறார்கள். நாவலின் 4ஆம் அத்தியாயத்திலும் இந்த மேடை இருக்கிறது. சர் ஹாரி அவனை ஆஸ்திரேலியாக்காரர் என்று அறிமுகப்படுத்த, ஹானே ஆஸ்திரேலியாவைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் அவிழ்த்துவிடுகிறான். கேட்பவர்களுக்கும் படிப்பவருக்கும் அது வேடிக்கை. படத்தில் அதே மேடையில் டொனாட் பேசப் பேசக் கூட்டம் சூடேறுகிறது. அப்போது அவருடைய ஒரு கையைப் பாருங்கள், அதை வெளியே காட்டாமல் வைத்திருப்பார். மணிக்கட்டில் விலங்கின் ஒரு வளையம். மேடை பக்கனுடையது, அந்த வளையம் ஹிட்ச்காக்குடையது. இன்னொரு வளையம் யார் கைக்குப் போகப்போகிறது என்று உங்களுக்குத்தான் தெரியுமே.